சூரமங்கலத்தில் இருநூறு லிட்டர் கடல்

போர் தண்ணீரில் டீ போட்டால் திரிந்துபோகும் ஊரில்
கடல் வைத்திருக்கிறேன்.
ரயில்வே குவார்ட்டர்ஸ், கீழ்த்தளம், இருநூறு லிட்டர்.
வடிகட்டிய தண்ணீர், நீல டிரம், உப்புப் பாக்கெட்,
கிளறுவதற்கு ஒரு பழைய துடைப்பக் கம்பு.
மானியில் ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து வந்ததும்
பால் பொங்கினாற்போல் சட்டென்று நிறுத்திவிடுவேன்.

பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார்.
"குழம்புக்கு ஆகுமா?"
"ஆகாது."
"அப்புறம்?"

முதலில் வந்தவன் சிக்ஸ்லைன்.
சுண்டுவிரல் நீளம், ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சுக் கோடு.
அழகைப் பார்த்து எடுத்தது, அதுதான் தப்பு.
ஒரே மாதத்தில் பாறையிடுக்கு ஒவ்வொன்றையும்
தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டான்.
சாதுவான கோபி மீன்
மோட்டாருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

செவ்வாய்ப்பேட்டை இலியாஸ் கடையில்
இன்னொரு ராஸ் வேண்டுமென்றேன்.
விலை சொல்லவில்லை, கேட்க ஆரம்பித்தார்.
உள்ளே யார்? எத்தனை மாசமா?
மேலே வலை உண்டா? மணல் எத்தனை விரல்?
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு விசாரித்ததில்லை.

ஃபேரி ராஸ் தங்கமான குணம், ஆனா மிரண்டா குதிக்கும்,
விடிஞ்சா தரையில கருவாடு.
மெலனூரஸ் உங்க இறாலை மிச்சம் வைக்காது.
இன்னொரு சிக்ஸ்லைனா?
ரெண்டுக்குக் காசு குடுத்து ஒண்ணை வளர்ப்பீங்க.
தன்னைப்போல் இருப்பவனிடம்தான் அவனுக்குப் பகையாம்.
சாயல் மாறினால் பாதிச் சண்டை குறையுமாம்.
மீதிப் பாதி
உங்க அதிர்ஷ்டம் மேடம்.

முடிவில் சிறுத்தை ராஸ். பெண்.
இந்த ஜாதியில எல்லாம் பெண்ணாத்தான் தொடங்கும்,
தேவைன்னா ஆணாயிடும் என்றார்
சில்லறை எண்ணிக்கொண்டே,
யாரோ ஷிப்ட் மாற்றிக்கொண்டதைச் சொல்வதுபோல.

சென்னையிலிருந்து வந்தாள்,
மலையின் பெயர் வைத்த ஏற்காடு எக்ஸ்பிரஸில்.
கூட்ஸ் வண்டியை ஒப்படைத்துவிட்டு
இருட்டோடு பிளாட்பாரத்தில் நின்றேன்.
தெர்மாக்கோல் மூடியை நீக்கி
கார்டு விளக்கைத் திருப்பினேன்.
கை தவறிச் சிவப்பு விழுந்தது:
உடம்பெல்லாம் இருட்டுப் புள்ளி.
வெள்ளைக்கு மாற்றியதும் ஒரு கண் மட்டும்
என்னைத் தேடிச் சுழன்றது.

பாறைகளைக் கலைத்து அடுக்கினேன்,
பழைய பட்டா எதுவும் செல்லாதபடி.
தொட்டியின் வெளிப்பக்கம் கைக்கண்ணாடி ஒட்டினேன்.
சிக்ஸ்லைன் துடுப்பை விரித்து
தன்மேலேயே பாய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து
அவளை விட்டேன்.
ஒரு சுற்று.
மணலில் தலை.
காணோம்.

இரண்டு நாள். ஜோலார்பேட்டை போய்வந்தேன். நான்கு நாள்.
தண்ணீரை மோந்து பார்த்தேன், செத்த வாடை இல்லை.
தோண்டிராதீங்க, போனில் கத்தினார் இலியாஸ்,
அது எந்தக் கடல்ல இருந்து வந்துச்சோ
அந்த ஊர் மணிக்குத்தான் முழிக்கும்.
காலை பத்து மணிக்கு என் கதவைத் தட்டுகிறவர்களிடம்
இதை ஒருநாள் சொல்ல வேண்டும்.

ஆறாம் நாள் டூட்டி முடிந்து வரும்போது மணி மூன்று.
அடுக்களை விளக்கைப் போட்டேன்.
பாறை முகத்தில் எதையோ கொத்திக் கொத்தி
மேய்ந்துகொண்டிருந்தாள்.
சிக்ஸ்லைன் தன் எச்சில் கூட்டுக்குள் தூக்கம்.
நானும் சாப்பிட உட்கார்ந்தேன், ஆறிய சோறு, மோர்.

மெல்ல மெல்ல அவள் மணி சேலத்துக்கு மாறியது.
ஒரு ஞாயிறு பகலில் கண்ணாடியைக் கழற்றினேன்.

அவன் அந்த மூலைக்கு வந்தான்.
போனான். மறுபடி வந்தான்.
நேருக்கு நேர் நின்ற ஒருத்தன், இங்கேதானே இருந்தான்.
ஆணியில் தொங்கும் என் வெள்ளைச் சட்டையை
வெகுநேரம் பார்த்தான்.
வால் உரசும் தூரத்தில்
புள்ளி புள்ளியாய் ஒருத்தி கடந்து போனதை
கவனிக்கவே இல்லை.