மாசக் கடைசியிலும் கேட்டுப் பார்

கமாலுதீன் முன்பணம் கேட்கவில்லை.
"ரெண்டு ஜோடியும் எடுத்துட்டுப் போ.
ஒரு மாசம் நான் ஊர்ல இல்ல.
உன் ரூம்ல வெச்சுக் கேளு.
ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா
ரிச்சி ஸ்ட்ரீட்தான் கேக்கும்."

பெரம்பூர் லோகோ பக்கம், இரண்டாவது மாடி,
பத்துக்கு ஒன்பது.
பீரோ, கட்டில், மடக்கு மேசை போக
சத்தத்துக்கு மிஞ்சியது
ஒரு பாய் விரிக்கும் அகலம்.

கறுப்பு ஜோடி சின்னது, நாலு புறமும் மூடியது,
வாயை இறுக்கிக்கொண்ட பிள்ளை மாதிரி.
பழுப்பு ஜோடிக்கு முதுகில் ஒரு துளை,
மூச்சு அந்த வழியாகத்தான்.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி
ஹாலோபிளாக் கல்மேல் மாற்றி மாற்றி வைத்தேன்.

எனக்கு லிஃப்ட் மெக்கானிக் காது.
எட்டாம் மாடியில் பேரிங் தேய்வதைத்
தரைத்தளத்தில் நின்றே சொல்வேன்.
அந்தக் காதை வைத்துக்கொண்டு
ஒரே வீணையை நாற்பது தடவை கேட்டேன்.

கறுப்பில்
நகம் தந்தியில் படுவது தனி,
தந்தி பாடுவது தனி.
மேல் ஸ்தாயிக்கு ஏறும் முன்
வாசிக்கிறவர் மூக்கால் இழுக்கும் மூச்சு.
குடம் மட்டும் எங்கோ
பக்கத்துத் தெருவில்.

பழுப்பில்
குடம் வந்து மடியில் உட்கார்ந்தது.
மிருதங்கம் சேர்ந்ததும்
பீரோக் கதவும் கூடவே தாளம் போட்டது,
அடுக்கில் இருந்த எவர்சில்வர் தட்டு
தப்புத் தாளம் போட்டது.
கீழ்வீட்டு ரெபேக்கா டீச்சர்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை
மூன்று இடி இடித்தார்.
அதுவும் சமத்தில் விழவில்லை.

துளைக்குள் காலுறையைத் திணித்துப் பார்த்தேன்.
ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆனது.
எடுத்துவிட்டேன்.

முதல் தேதி அஞ்சுகம்
இருபத்தாறு கிலோ பொன்னி மூட்டையை
இழுத்து வந்து மூலையில் சாத்தினாள்.
வேறு இடம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.
அன்று ராத்திரி பழுப்பு திருந்திவிட்டது.
கும்மென்று தங்கும் அந்த மிச்சத்தை
மூட்டை தின்றுவிட்டது.
தட்டு பேசவில்லை, டீச்சரும் இடிக்கவில்லை.
தீர்ப்பு சொல்லிவிட்டேன்: பழுப்பு.

"மாசக் கடைசியிலும் கேட்டுப் பார்" என்றாள் அஞ்சுகம்
முறத்திலிருந்து தலை தூக்காமல்.

மூட்டையை நாங்கள் தின்றோம்.
பத்தாம் தேதி அதன் தோள் சரிந்தது.
பதினாறில் திண்டிவனத்திலிருந்து
அவள் அண்ணன் குடும்பம், ஐந்து பேர், நாலு நாள்.
இருபதில் தொப்பி லேசாக வீங்கியது.
இருபத்தெட்டில் சாக்கு மடிந்து கிடக்க
பழைய கும், பழைய பீரோ,
பழைய துடைப்பக் கட்டை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் அவளுக்கு நாலு ஐம்பதுக்கு.
பத்தரைக்கே படுத்துவிடுவாள்.
எனவே என் குமிழ் இரவெல்லாம் ஏழரையில்,
சனி இல்லை, முள் நிற்கும் இடம்.
அவ்வளவு தணிவில் கறுப்பை வைத்தேன்.
குடத்தை எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை.
நகம் வந்தது. தந்தி வந்தது.
மேல் ஸ்தாயிக்கு முன்னால் மூச்சு வந்தது.
பாட்டை நிறுத்தினேன்,
மூச்சு நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
சுவர்ப் பக்கம் முகம் திருப்பித்
தூங்கிக்கொண்டிருந்தாள்.
இத்தனை நாளும் எது எவருடையது என்று
பிரித்துக் கேட்டேனா, தெரியாது.

பதினொன்று நாற்பது ரயில் போனது.
தண்ணீர்ச் சொம்பில் வட்டம்,
கட்டில் கால் வழியாக முதுகுத்தண்டில் ஒரு நடுக்கம்.
அந்த அடி ஒலி
இரண்டு ஜோடிக்குமே வராது,
எந்த விலைக்கும்.

"இன்னும் முடியலையா?"
கண் திறக்காமலே கேட்டாள்.
கறுப்பா பழுப்பா என்றேன்.
"கறுப்பு. பழுப்ப வெச்சா
மாசம் ரெண்டு மூட்டை வாங்கணும்."