பெயர்க்காரணம், ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

மாவட்டத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பேரூராட்சியில் பூங்காக்கள் எத்தனை,
யார் பெயரில்,
பெயர்க்காரணம் என்ன, ஐம்பது சொற்களுக்கு மிகாமல்,
வியாழக்கிழமைக்குள்.

வரிவசூல் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு
டிவிஎஸ்ஸை மிதித்தேன்.

முதலாவது சுலபம்.
கோவர்த்தன நாயுடு கொடுத்த பதினோரு சென்ட்.
கல்வெட்டு தெலுங்கில், தகரப்பலகை தமிழில்.
இறந்த வருஷம் இரண்டிலும் வேறு வேறு;
தமிழில் இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்.
பேரன் சிமெண்ட் கடைக்காரன்,
பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் வாங்கித் தருகிறான்.
தாத்தா பெயருக்குக் கீழே
கடையின் செல் நம்பர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, லைன்மேன் டில்லிபாபு பூங்கா.
புயல் ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் போனபோது
கொசஸ்தலைக் கரையோரக் கம்பத்தில் ஏறினார்.
விளக்கு வந்தது.
அவர் இறங்கவில்லை.
அன்று அங்கே பிறந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன்
சறுக்குமரத்தின் நிழலில் சிகரெட் பிடிக்கிறான்,
என் காக்கிப் பையைப் பார்த்ததும் பின்னால் மறைக்கிறான்.
பூங்காவுக்கு ஒரே ஒரு விளக்கு.
இரண்டு வருஷமாக எரியவில்லை.
டில்லிபாபு சம்சாரம் குணபூஷணம்
மூன்று மனு கொடுத்திருக்கிறார்.
மூன்றிலும் புருஷன் பெயரே இல்லை.
'விளக்கு எண் 14/3 எரியவில்லை' என்று மட்டும்.

மூன்றாவதுதான் சிக்கல்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நகரி வண்டிகள் திரும்புகிற மண்மேட்டில்
தியாகி பொன்னுரங்கம் சிறுவர் பூங்கா.
இரண்டு ஊஞ்சல்,
ஒன்றில் சங்கிலி மட்டும் ஆடுகிறது.

எல்லைப் போராட்டத்தில் மண்டை உடைந்தவர்,
எங்க நாயனா பார்த்திருக்காரு என்றாள்
பூக்கட்டும் மஸ்தானம்மா.
அதெல்லாம் இல்லை, வெள்ளைக்காரன் ஜெயில் என்றார்
கோலிசோடா கண்ணையா.
ஆட்டோ ஸ்டாண்டில் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது.
நீலக் கைலிக்காரர் ஒருவர்
பொன்னுரங்கத்தின் நடையைக்கூட நடந்து காட்டினார்,
இடது காலை லேசாக இழுத்து.

பதிவறையில் மூன்று மணி நேரம்.
கரையான் தின்றது போக ஒரு செலவுச்சீட்டு கிடைத்தது:
'வேறு ஊருக்கு எழுதிய பலகை.
அங்கே பணம் தராததால் பெயிண்டரிடமே கிடந்தது.
பாதி விலைக்கு வாங்கப்பட்டது. ரூ. 450.'
எந்த ஊர் என்று இல்லை.
கீழே கையெழுத்து,
எனக்குமுன் இந்த நாற்காலியில் இருந்தவருடையது.

குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம்
அந்தப் பலகைக்கு மாலை போடுகிறோம்.
போன வருஷம் நானே போட்டேன்.
சாமந்தி, அறுபது ரூபாய், வவுச்சர் இருக்கிறது.
ஒரு நிமிஷம் மௌனமாக நின்றோம்.
செயல் அலுவலருக்குக் கண்கூடக் கலங்கியது.

எங்கோ ஓர் ஊரில்
பலகை இல்லாத பூங்கா ஒன்று இருக்கும்.
அந்த மனிதருக்குப் பெண்டு பிள்ளைகள் இருந்தால்
கேட்டு அலுத்திருப்பார்கள்.
இந்த நினைப்பு வந்ததும்
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
திரும்ப எடுத்துக் கட்டில் வைத்தேன்.
திரும்பவும் சட்டைப்பையில்.

புதன் சாயங்காலம், இருட்டுகிற நேரம்,
மண்மேட்டில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ரயில்வே கேட் பக்கமிருந்து ஒரு பெண்குரல்:
'ஒரேய் பொன்னுரங்கம், இண்டிக்கி ராரா!'
நல்ல ஊஞ்சலில் இருந்து
ஒரு பொடியன் குதித்தான்,
ஒரு செருப்பைத் தேடினான், கிடைக்கவில்லை,
ஒற்றைச் செருப்போடு ஓடினான்.

அந்தம்மாவைக் கேட்டேன்.
கர்ப்பமா இருக்கையில தெனமும் இங்கதான் பஸ்ஸுக்கு நிப்பேன்,
எதிர்ல பலகை.
தியாகின்னு போட்டிருக்கு,
கெட்டவன் பேரையா போடுவாங்க?

அலுவலகத்துக்கே திரும்பி
டியூப்லைட்டைப் போட்டுப் படிவத்தை விரித்தேன்.
மூன்றாவது பூங்காவுக்கு எதிரே எழுதினேன்:
உள்ளூர்வாசி. வயது ஆறு.

நாற்பத்தாறு சொற்கள் மிச்சம் இருந்தன.
விளக்கு எண் 14/3 பற்றி
அதில் எழுதினேன்.