மூணாவது சக்கரம்

டோல்கேட் சிக்னலில் மறித்த எஸ்.ஐ.
குனிந்து குனிந்து பார்த்தார்.

வண்டிக்கு ஆர்.சி. புக் இருந்தது.
பெலவேந்திரன் தலையில் ஹெல்மெட் இருந்தது.
பக்கத்துத் தொட்டியில்
ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான்.

"மூணாவது சக்கரத்துக்கு பிரேக் எங்க?
பின்னால சிவப்பு லைட்டு?
இந்தம்மா தலைக்கு?"

"சும்மாடு இருக்குது சார்" என்றேன்.
சிரிக்கவில்லை.
அவர் ரசீது எழுதி முடிப்பதற்குள்
பெட்டியில் உருகிய தண்ணீர்
பூட்ஸ்வரை போய்விட்டது.

இருபது வருஷம் வஞ்சிரம் சுமந்த தலை,
ஒன்றரைக் கிலோவுக்குக் கழுத்து வலிக்கிறது.
ஆனாலும் உள்ளே
சத்தம் அடங்கிய பிறகுதான்
எண்ணூர் கண்டெய்னர் லாரியைச் சரியாகப் பார்த்தேன்:
அதன் டயரும் என் காதும்
ஒரே மட்டம்.

யோவ் பெலவேந்திரா,
மெதுவாப் போ.