பொருள்: விசில்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
சீட்டு எழுதுகிறவன் நான்.
இருபத்தேழு பெட்டி, இரண்டாம் தரம், கழிவு மூன்று கிலோ.
நாள் முழுக்க எழுதுகிறேன்.
படித்துச் சிரித்தவர் இல்லை,
விலையைப் பார்த்து அழுதவர் உண்டு.

மாதேஸ்வரிக்கு ஓசூர் கம்பெனியில் வேலை.
பஸ் நாலரைக்கே வந்துவிடும்.
அதனால் காலை அடுப்பு என்னுடையது.
குக்கர் இருவருக்கும் பொது,
ஆறு தவணை.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அது விசிலடிப்பதை நிறுத்திற்று.
புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

முதல் கடிதத்தை ஒழுங்காகத்தான் எழுதினேன்.
அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு.
உத்தரவாதம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது
என்பதை அடிக்கோடிட்டு.
கோயமுத்தூரிலிருந்து பதில் வந்தது, அச்சில்:
உங்கள் புகார் எண் 40711.

இரண்டாவது:
ஐயா, 40711 நலம்.
வீட்டில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டோம்,
ரேஷன் கார்டில் சேர்க்கத்தான்
தாலுகா ஆபீசில் ஒப்பவில்லை.
குக்கர் மௌன விரதம் இன்னும் முடிக்கவில்லை.
எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கம் என்பதால்
ரயில் ஊதுவதை எண்ணிப் பருப்பை இறக்கி வருகிறேன்.
நேற்று வந்தது சரக்கு ரயில்.
தண்டவாளத்தில் முனியப்பனின் வெள்ளாடு.
முப்பது நொடியில் பதினொரு முறை ஊதினார் ஓட்டுநர்.
நான் மூன்றிலேயே இறக்கினேன்.
துவரை ஒவ்வொன்றும் தனித்தனியாக
என்னைப் பார்த்தது.
இன்று பாசஞ்சர் ஐம்பது நிமிடம் தாமதம்.
பருப்பு பாயசமாகிவிட்டது.
இதற்கு நான் ரயில்வேக்கு எழுதுவதா, உங்களுக்கா?
ஆடு நலம்.

"அந்த வெயிட்டு பஸ் ஸ்டாண்டு கடையில எம்பது ரூபா.
ரிஜிஸ்டர் தபாலுக்கு மட்டும்
நூத்திப் பத்து ஆச்சி உனக்கு"
என்றாள் மாதேஸ்வரி, செருப்பை மாட்டியபடி.
கணக்கு சரி.
சீட்டு எழுதுகிறவனுக்குத் தெரியாதா கணக்கு.

மூன்றாவதைக் குக்கரே எழுதியது.
அன்புள்ள அப்பாவுக்கு,
என்னைக் கட்டிக்கொடுத்தபோது குரலோடுதான் அனுப்பினீர்கள்.
இவர் நல்லவர், சமைக்கிறார், அதுதான் கஷ்டம்.
பக்கத்து வீட்டுக்காரி ஐந்து முறை கூவிவிட்டு
ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறாள்.
ஆடிக்கு அழைக்கத்தான் வரவில்லை,
ஆவணிச் சீராக வெயிட்டு ஒன்று,
முடிந்தால் கேஸ்கட் ஒன்று அனுப்பவும்.
மாப்பிள்ளைக்கு மோதிரம் வேண்டாம்.

அனுப்பிவிட்டுத் தேடினால் நகலைக் காணோம்.
கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்குச் சீட்டு கைமாறி
ராயக்கோட்டை தாண்டிவிட்டதாம்.
எடுத்துப் போனது யார் என்று
அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்த பொட்டலம்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
உள்ளே வெயிட்டு, இரண்டு கேஸ்கட்,
பழைய பில்லின் பின்பக்கம் பேனாவில் நாலு வரி:

ஐயா, உதிரிபாகப் பிரிவு கேன்டீனில் வாசித்தோம்,
ரயிலை மட்டும் இரண்டு தடவை.
மோதிரம் எங்களிடம் இல்லை, அதனால் கேஸ்கட் ஒன்று கூடுதல்.
முனியப்பன் ஆட்டுக்கு என்ன விலை என்று
மேலாளர் கேட்கிறார்.
இப்படிக்கு, ஹெப்சிபா.

அதை அரிசி டப்பாவில் வைத்தேன், பிறகு சட்டைப்பையில்.
மண்டியில் மூன்று பேருக்குக் காட்டினேன்.
தக்காளி அன்று கிலோ நாலு ரூபாய்,
ஒருவர் மட்டும் சிரித்தார்.

மறுநாள் காலை வெயிட்டைப் போட்டேன்.
முதல் விசில், நல்ல குரல்.
பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.
இரண்டாவதுக்குக் காத்திருக்கும்போது
கேட்டில் பாசஞ்சர் ஊத
உள்ளே இது ஊத
ஜன்னலில் அது ஊத
எது எனக்கு, எத்தனை ஆயிற்று?
திறந்து பார்த்தால் பாயசம்.

அடுப்பை அணைத்துவிட்டு
மண்டி லெட்டர்பேடில் ஒரு தாள் கிழித்தேன்.

மதிப்பிற்குரிய ஹெப்சிபா அவர்களுக்கு,
பொருள்: விசில் மிகுதியாக இருப்பது தொடர்பாக.
ஆடு விற்பனைக்கு இல்லை.