மூன்றாவது கேள்வி

நீதிமன்றம் எனக்கு நான்கு கேள்விகள் அனுப்பியிருந்தது.
பரப்பு எவ்வளவு. மதிப்பு எவ்வளவு.
மூன்றாவது: இந்த வீட்டைப் பிரிக்க இயலுமா?
நான்காவது என் கூலியைப் பற்றியது.

ஸ்ப்ளிட் துறைமுகத்தில் காரைக் கப்பலேற்றி
பிராச் தீவுக்குப் போனேன்.
லேசர் அளவுமானி, சுண்ணக்கட்டி,
நிலப்பதிவேட்டின் நகல் பதினோரு பக்கம்.

தொண்ணூற்றாறு சதுர மீட்டர்.
அண்ணன் விட்ஸ்கோவுக்குக் காலும் அரைக்காலும்.
தங்கை பெரினாவுக்கும் அதே காலும் அரைக்காலும்.
மிச்சக் கால்
சிலி நாட்டில், அன்டோஃபகாஸ்டாவில்,
சித்தப்பா பிள்ளைகள் நால்வருக்கு ஆளுக்கொரு வீசம்.
ஒருவர் செத்து, அவர் வீசம் ஐந்து காணியானது.
அதில் ஒரு காணி போன வருஷம் உடைந்து
நான்கு முந்திரி.
முந்திரிக்கு எவ்வளவு தரை என்று
கப்பலிலேயே கணக்குப் போட்டேன்:
ஒரு நாற்காலி போடலாம்.
உட்கார்ந்தால் முழங்கால் அடுத்தவர் பங்கில் இருக்கும்.

மேல்தளம் அவர். கீழ்த்தளம் இவர்.
வெளியே கல்படி பதினான்கு, பொதுவில்.
ஏழாவது படி உடைந்திருக்கிறது.
இருவருமே அதைப் படமெடுத்துத் தாக்கல் செய்திருக்கிறார்கள்,
ஒருவர் மேலே நின்று, ஒருவர் கீழே நின்று.
கீழே மத்தி பொரித்தால்
மேலே தலையணை நாறுகிறது: மனுவில் பத்தி ஒன்பது.
வாயைத் திறந்தால் சாட்சியாகிவிடும் என்று
வக்கீல்கள் சொல்லிவைத்ததில்
பதினோரு வருஷம் பதிவுத்தபாலில்தான் பேச்சு.
தபால்காரி கீழே ஒரு கையெழுத்து வாங்கி
படியேறி
மேலே ஒன்று வாங்குவாள்.

சுவர் எழுபது சென்டிமீட்டர் தடிமன்.
அறைகளை முடித்தேன்.
பாக்கி இருந்தது தண்ணீர்த்தொட்டி,
வீட்டுக்கு அடியில் பாறையில் குடைந்தது.
ஆண்டு முழுக்கக் குடிக்க
கூரைத் தண்ணீர்தான்.
மூடியைத் தூக்கி லேசரை இறக்கினேன்.
சிவப்புப் புள்ளி தண்ணீரில் விழுந்து
அளவு சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது யூகோ திரும்பியது.
தெற்குக் காற்று, பின்னாலேயே மழை.
கோடைக்குப் பிறகு முதல் மழை.
விட்ஸ்கோ கூரைமேல் ஏறியது எப்போது என்று நான் பார்க்கவில்லை.
பெரினா செருப்பில்லாமல் ஓடிவந்து
என்னைத் தள்ளிவிட்டு
குழாயைத் தொட்டிவாயிலிருந்து வெளியே திருப்பினாள்.
பறவை எச்சம், பைன் ஊசி, நான்கு மாதத் தூசி
எல்லாம் படிவழியே கறுப்பாக ஓடியது.

"இப்போ?" என்றார் மேலிருந்து.
"இல்ல."
மழை.
"இப்போ?"
உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள்.
"இன்னும் கொஞ்சம்."
மழை.
"இப்போ!" என்றாள் அவளே.
அவர் அடைப்பைத் தள்ளினார். இவள் குழாயைத் திருப்பினாள்.
தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம்.

அவர் இறங்கிவந்தார்.
ஏழாவது படியில் இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்,
அந்நியர்கள் பேருந்தில் ஒதுங்குவதுபோல.
என்னிடம் பெரினா கேட்டது ஒன்றுதான்:
"இதை எழுதுவீங்களா?"

எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.
மூன்றாவது கேள்விக்கு நேரே
பிரிக்க இயலாது என்று எழுதி முத்திரை வைத்தேன்.
பிரிக்க இயலாததை ஏலம் விட வேண்டும்,
பணத்தைத்தான் பிரிக்க வேண்டும்.
சட்டம் அது. எழுதும்போதே எனக்குத் தெரியும்.
முதல் ஏலத்தில் யாரும் கேட்கவில்லை.
இரண்டாவது மார்ச்சில்.

கூலி நானூற்றிருபது யூரோ, அவரவர் பங்குப்படி.
இதுவரை செலுத்தியவர்
அன்டோஃபகாஸ்டா முந்திரிக்காரி ஒருத்தி:
ஒரு யூரோ முப்பத்தொரு சென்ட்.
வங்கிக் கட்டணம் அதை வழியிலேயே விழுங்கிவிட்டது,
சீட்டில் அவள் எழுதிய குறிப்பு மட்டும் வந்தது.
அந்த வீட்டிலிருந்து கடல் தெரியுமா?

யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் பார்க்கவில்லை.
எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறேன்.
ஒன்றில் பெரினாவின் தோளுக்கு மேலே
சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.
பெரிதாக்கிப் பார்த்தால்
இன்னும் மங்குகிறது.