கிராம் கணக்கு

தூங்கும் பை எண்ணூற்று இருபது.
மழைக்கோட்டு முந்நூறு.
பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியாக வெட்டியிருக்கிறார் லெஷெக்,
நாலு கிராம் மிச்சமாம்.
நேற்றுவரை மாவு நிறுத்த தராசில்
என் வசந்தகாலம் ஏறி ஏறி இறங்குகிறது.

நடக்கப்போவது நான்.
வழி தெரிந்தவர் அவர்.

திங்கள், புதன், வெள்ளி
ஊசி ஏறிய இடக்கையை நாலு மணி நேரம் அசைக்காமல்
வலக்கை விரலால் ஸ்பெயினை நகர்த்துவார், கைப்பேசித் திரையில்.
இயந்திரம் அவர் இரத்தத்தை வெளியே எடுத்து
அலசித் திருப்பித் தருவதற்குள்
ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் சேர்ந்துவிடுவார்.
புர்கோஸ் தாண்டி எந்த முடுக்கில் குழாய்,
எந்தக் குழாயில் 'குடிக்காதே' என்று எழுதியிருக்கிறது,
ஃபொன்செபதோனில் எந்த வீட்டு நாய்
படத்துக்குப் படம் இடம் மாறிப் படுத்திருக்கிறது,
எல்லாம் அத்துப்படி.
அடுத்த நாற்காலி யானுஷ் கேட்பாராம்:
"இன்றைக்கு எங்கே வந்திருக்கிறோம்?"

"காரியோனுக்கு அப்பால் பதினேழு கிலோமீட்டர்.
நிழல் கிடையாது, ஊர் கிடையாது.
அங்கே மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே நட,
நேரம் போகும்."

இருபத்தாறு வருஷம் வூட்ஜ் நகரத்தில் டிராம் ஓட்டினேன்.
டிராமுக்கு ஸ்டீயரிங் இல்லை என்பது
ஏறுகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.
தண்டவாளம் திரும்பினால் நானும் திரும்பினேன்.
இனிமேல் சுவரில், பாறையில், குப்பைத்தொட்டி முதுகில்
மஞ்சள் அம்பு இருக்குமாம்,
யாரோ வரைந்தது, மழையில் பாதி போனது.
முச்சந்தியில் நின்று அதை நம்ப வேண்டும்.
கால் கொப்புளத்தைவிட எனக்கு அதுதான் பயம்.

பயிற்சிக்கு மாடிப்படி.
பத்து மாடி, முதுகில் ஆறு கிலோ சர்க்கரை.
நாலாம் மாடி செனோபியா கதவைத் திறந்தாள்:
"லிஃப்ட் வேலை செய்கிறதே?"
"தெரியும்."
மூன்றாம் நாள் அவளும் செருப்பை மாற்றிக்கொண்டு வந்தாள்,
ஆறாம் மாடி வரை.

வழியில் ஒரு மலையேற்றத்தில் இரும்புச் சிலுவை.
சொந்த ஊரிலிருந்து சுமந்துவந்த கல்லை
அதன் காலடியில் போட்டுவிட்டு இறங்குவார்கள்.
டிப்போ சரளையில் ஒன்று பொறுக்கலாமா என்று
நான் யோசித்துக்கொண்டிருக்க,
லெஷெக் அலமாரியைக் குடைந்து
ஒரு மாத்திரை டப்பியோடு வந்தார்.
குலுக்கிக் காட்டினார்.
பதினோரு வருஷத்துக்கு முன் ஓர் ஈஸ்டர் இரவு
அவரைக் குளியலறைத் தரையில் புரளவைத்து
வெளியே வந்த கல்.
கடுகளவு.
காரம் நான் பார்த்திருக்கிறேன்.

"தொடங்கி வைத்தவன் இவன்தான்.
கொண்டுபோய் விட்டுவிட்டு வா."

தராசில் வைத்தோம். பூஜ்ஜியம்.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தோம்.
பூஜ்ஜியம்.
"பார், உனக்கு ஒரு பாரமும் இல்லை" என்று சிரித்தார்.
எனக்குச் சிரிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

அவர் போட்ட அட்டவணையில் முப்பத்து மூன்று வரி:
ஊர், தூரம், கட்டில்,
துவைத்த காலுறைக்கு வெயில் விழும் பக்கம்.
அவர் தூங்கின பிறகு நான் ஒன்று போட்டேன்.
பதினாலே வரி.
யார் கூட்டிப்போவது, யார் கூட்டிவருவது.
எட்டில் செனோபியாவின் மகன் ஒல்கியெர்ட்.
இரண்டில் யானுஷின் மனைவி. மூன்றில் டாக்சி.
ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஆள் அகப்படவில்லை.
விரலால் எண்ணிப் பார்த்தேன்:
அன்றைக்கு நான் காரியோன் தாண்டிக்கொண்டிருப்பேன்.

அடியில் பெரிய எழுத்தில் எழுதினேன்:
உருளைக்கிழங்கை நறுக்கி இரண்டு முறை ஊறவைத்து
தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கவும்.
வாழைப்பழம் கூடாது. கெஞ்சினாலும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் படுத்தேன்.
காலையில் அந்தக் காலி வரியில்
பென்சிலால், அவருடைய கோணல் எழுத்து:
பன்னிரண்டாம் நம்பர் டிராம்.
ஜன்னலோரம்.