காற்புள்ளி

வியாழன் ஏழரைக்கு
குக் டவுன் சபை மண்டபம்.
ஆல்டோவில் நாங்கள் நான்கே பேர்.
எனக்கு இடப்பக்கம் ஹெப்சிபா,
நாத்தனார்.
வீலர் ரோட்டு வீட்டுக்காக
ஆறு வருஷமாய் என்மேல் கேஸ் நடத்துகிறவள்.
பேச்சு வக்கீல் மூலம்.
குரல் ஒரே உயரம் என்பதால்
நிற்பது மட்டும் பக்கத்தில்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஷூட்ஸ் ஒன்று,
ப்ராம்ஸ் ஒன்று.
முன்னவர் காலத்தில் முப்பது வருஷச் சண்டை.
பாடுகிறவர்கள் செத்தும் ஓடியும் போக
மிச்சத் தொண்டைகளுக்கு எழுதினாராம்.
(எங்கள் டெனர் ஐவரில் மூவர்
மாரத்தஹள்ளி சிக்னலில்.)
பின்னவர் இருநூறு வருஷம் கழித்து
அந்தத் தாள்களைத் தேடிப் பிடித்து
கையால் பிரதி எடுத்தவர்.

‘ரெண்டுக்கும் நடுவே கைதட்டு கிடையாது’ என்றார்
ஐவன் ரெபெல்லோ, ஸ்வெட்டரைக் கழற்றியபடி.
‘பழசின் கடைசி ஸ்வரத்தை
ஆல்டோ விடவே கூடாது.
பதினாறு எண்ணிக்கை. அதன்மேல்தான்
புதுசு வந்து இறங்கும்.
பக்கத்து ஆள் மூச்சு வாங்கும்போது
நீங்கள் வாங்காதீங்க. பேசி வச்சுக்குங்க.’

பேசி.

ஹெப்சிபா பென்சிலை எடுத்தாள்.
தன் தாளில் ஆறாம் எண்ணிக்கையில் குறித்தாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
என் தாளில், பத்தில்,
ஒரு காற்புள்ளி.
ஆறு வருஷத்தில் அவள் எனக்கு
நேரடியாக எழுதியது.
எழுத்துகூட இல்லை.

வெளியே பஸ் பின்னால் எடுக்கிற பீப் பீப்.
ஆறு வந்தது. அவள் போனாள்,
நான் தாங்கினேன்.
பத்தில் நான் போனேன்.
கீழே விழவில்லை எதுவும்.
எங்கே இருநூறு வருஷம் முடிந்தது என்று
சபையில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ப்ராம்ஸில் ஆல்டோ இரண்டாய்ப் பிரியும் ஓரிடம்.
அவள் நகர்ந்துவிடுவாள், நான் நகரமாட்டேன்.
பக்கத்துப் பக்கத்து ஸ்வரம், பல் கூசுகிற மாதிரி உரசும்.
பழையவர் என்றால் உடனே தீர்த்துவிட்டிருப்பார்.
இவர் தீர்க்கிறாரா என்றால்
இல்லை, இன்னொரு அளவு,
இன்னும் கொஞ்சம்.
கடைசியில் நான்தான் ஒரு படி இறங்கணும்.
அப்படித்தான் எழுதியிருக்கு.
எழுதினவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாச்சு,
அப்பீலும் கிடையாது.

பத்தொன்பதாம் தேதி வாய்தா.
பழைய விசிறிக்குக் கீழே அதே மர பெஞ்ச்.
கூப்பிட்டதும் அவள் எழுவாள்,
பேசுமுன் மூக்கால் இழுப்பாள்,
சின்னதாய், யாருக்கும் கேட்காமல்.

எனக்குக் கேட்கும்.
என் வயிறு தானாக இறுகும்.